வஜ்ராயுதத்துக்கு வோல்ட் கணக்கு

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் எங்கள் ஸ்ரீபெரும்புதூர் கோயில் கோஷ்டியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி தவறாமல் சுற்றத் தொடங்கும். ஊட்டியில் விஞ்ஞானிகள் இந்திரனின் வஜ்ராயுதத்தை அளந்துவிட்டார்கள், 130 கோடி வோல்ட், முன்னோர் சொன்னது மெய் என்று நிரூபணமாகிவிட்டது, பத்துப் பேருக்கு அனுப்பவும். ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் ஆலையில், கம்ப்ரஸர் ஹவுஸ் நண்பரிடம் அதைக் காட்டினேன். படித்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "வோல்ட் கணக்கு வந்துடுச்சுல்ல? அப்புறம் இந்திரனுக்கு என்னய்யா வேலை? வி.ஆர்.எஸ். குடுத்து அனுப்பிட வேண்டியதுதானே."

அவர் கருப்புச் சட்டைக்காரர். நான் புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறவன். மின் பராமரிப்புப் பிரிவு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்துவிட்டு வந்தவன். வேதம் ஓதியவன் இல்லை. கேன்டீனில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை.

கோஷ்டிக்காரர்களும் நண்பரும் எதிரெதிர்க் கட்சி போலத் தெரிந்தாலும், இரு தரப்பும் ஒரே நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. மேகத்தை அளந்தால் அந்த அளவு கடவுளைப் பற்றி ஏதோ சொல்லும் என்பது அந்த நம்பிக்கை. 'இருக்கிறார்' என்று சொல்வதாக ஒருவர் படிக்கிறார், 'இல்லை' என்று சொல்வதாக மற்றவர் படிக்கிறார். அது ஒன்றுமே சொல்லாது என்பது என் கட்சி. இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்த ஒருவர் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டு வைத்துவிட்டார். அவரிடம் போவதற்கு முன் ஊட்டிக்குப் போய் வந்துவிடலாம். ஏனென்றால் அந்தச் செய்தியில் இருக்கும் எண் உண்மையானது.

விண்வெளியிலிருந்து அணுக்கருத் துகள்கள் ஓயாமல் பூமியின் மேல் வந்து விழுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை புரோட்டான்கள். 1912இல் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரியர் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் ஏறிப் பார்த்து, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டுபிடித்தார். காஸ்மிக் கதிர் என்று இதற்குப் பெயர் வந்தது. அந்தப் புரோட்டான்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் காற்றின் அணுக்களோடு மோதிச் சிதறும்போது பிறக்கும் துகள்களில் ஒன்று மியூவான். எலெக்ட்ரானின் குணம்தான், எடை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. ஆயுளோ நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு சொச்சம். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த ஆயுளுக்குள் 700 மீட்டர்கூடத் தாண்ட முடியாது. ஆனால் அத்தனை வேகத்தில் ஓடும் பொருளின் கடிகாரம் நம் கணக்குக்கு மெதுவாக ஓடும் என்று ஐன்ஸ்டீன் சொன்னது இங்கே பலிக்கிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்கள் தரை வரை வந்து சேர்கின்றன. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்று கணக்கு. விரித்த உள்ளங்கையில் நொடிக்கு ஒன்றாவது விழுகிறது. கூரையைத் துளைத்து, நம்மைத் துளைத்து, தரைக்குள் போய்விடுகிறது. நமக்குத் தெரிவதே இல்லை.

ஊட்டியில் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு அங்கே நடக்கிறது. அதில் ஒரு மியூவான் தொலைநோக்கி உண்டு. தொலைநோக்கி என்றதும் லென்ஸ் வைத்த குழாயை நினைக்க வேண்டாம். ஆறு மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் சதுர வாயும் கொண்ட இரும்புக் குழல்கள், மொத்தம் 3,712. ஒவ்வொன்றின் உள்ளேயும் வாயுவை அடைத்து, நடுவில் ஒரு மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டி, உயர் மின்னழுத்தம் கொடுத்திருக்கிறார்கள். துகள் ஒன்று குழலைக் கடந்தால் கம்பியில் ஒரு துடிப்பு. குழல்களை அடுக்கடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் கிடத்தி, மேலே சுமார் இரண்டு மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் பாளங்களை ஏற்றி வைத்திருக்கிறார்கள். தெம்பில்லாத துகள் கான்கிரீட்டிலேயே நின்றுவிடும். தெம்புள்ள மியூவான் மட்டும் உள்ளே வரும். எந்த அடுக்கில் எந்தக் குழல் துடித்தது என்று பார்த்தால் அது வானத்தின் எந்தத் திசையிலிருந்து வந்தது என்றும் தெரிந்துவிடும். வானத்தை 169 திசைகளாகப் பிரித்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை அது எண்ணுகிறது.

2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேல் ஓர் இடிமேகம் வந்தது. அது தலைக்கு மேல் இருந்த நேரத்தில், 18 நிமிடங்களுக்கு, அந்தப் பக்கத்துத் திசைகளில் மியூவான்களின் வரத்து 2 சதவீதம் குறைந்தது.

நடந்தது இவ்வளவுதான். யாரும் மேகத்துக்குள் போகவில்லை. மின்னல் எதையும் தொடவில்லை. வழக்கமாக வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் வரவில்லை.

ஏன் வரவில்லை? இடிமேகத்துக்குள் பனித்துகள்களும் சின்னச் சின்ன ஆலங்கட்டிகளும் உரசிக்கொள்கின்றன. லேசான துகள்கள் நேர் மின்னேற்றத்தை ஏந்திக்கொண்டு மேலே போகின்றன. கனமானவை எதிர் மின்னேற்றத்தோடு கீழே தங்குகின்றன. மேலுக்கும் கீழுக்கும் இடையே பெரும் மின்னழுத்தம் உண்டாகிறது. அதைக் கடந்து வரும் நேர், எதிர் மின்னேற்ற மியூவான்களில் ஒரு வகை ஆற்றலை இழக்கும், மற்ற வகை ஆற்றலைப் பெறும். ஆற்றல் இழந்தவை வழியிலேயே சிதைந்துபோகின்றன, அல்லது கான்கிரீட்டைத் தாண்டத் தெம்பில்லாமல் நின்றுவிடுகின்றன. இரண்டு வகையும் சரிபாதியாக இருந்திருந்தால் ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபம் ஏறக்குறைய ஈடுகட்டியிருக்கும். மேகம் தடயமே விடாமல் கடந்துபோயிருக்கும். ஆனால் வானிலிருந்து வருவது பெரும்பாலும் புரோட்டான் என்பதால், பிறக்கும் மியூவான்களிலும் நேர் மின்னேற்றம் கொண்டவை கொஞ்சம் அதிகம். அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வுதான் சாட்சி. இத்தனை சதவீதம் குறைய வேண்டுமானால் மேகத்தில் எத்தனை வோல்ட் இருந்திருக்க வேண்டும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடை 130 கோடி வோல்ட். குறைவு எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நகர்ந்தது என்பதோடு, தரையில் வைத்திருந்த மின்புல மானிகளின் பதிவையும் சேர்த்துப் பார்த்ததில் மேகத்தின் உயரம் 11.4 கிலோமீட்டர், வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பரப்பு குறைந்தது 380 சதுர கிலோமீட்டர் என்றும் தெரிந்தது. 2011 ஏப்ரல் முதல் 2014 டிசம்பர் வரை பதிவான 184 இடிமழைகளில் இதுவே பெரியது. சுனில் குப்தா, பி. ஹரிஹரன் முதலியோர் அடங்கிய குழு இதை 2019இல் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டது.

என் பிழைப்பே மின்சாரம் என்பதால் இந்த எண் என்னை உலுக்கியது. ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டத்தில் ஏரிக்கும் வயலுக்கும் மேலே ராட்சத கோபுரங்களில் போகும் கம்பிகளில் ஓடுவது 400 கிலோவோல்ட், அதாவது 4 லட்சம் வோல்ட். அதன் கீழே நின்றால் மழைநாளில் உஸ்ஸென்று இரைவது கேட்கும். அந்த மேகம் அதைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல். அதில் இருந்த மின்திறன் சுமார் 2,000 மெகாவாட் என்கிறார்கள். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் சேர்ந்து முழு வீச்சில் ஓடினால் கிடைப்பது அவ்வளவுதான். அதற்கு முன் பலூனில் கருவி கட்டி மேகத்துக்குள் அனுப்பி அளந்ததில் கிடைத்த உச்ச அளவு 13 கோடி வோல்ட். பலூன், தான் போன தடத்தில் இருப்பதை மட்டும் பார்க்கும். மியூவான் மேகத்தின் உச்சி முதல் அடி வரை ஊடுருவி வந்து மொத்தக் கணக்கையும் கொடுக்கிறது. இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் அளவுக்கு அழுத்தம் சேரக்கூடும் என்று 1929லேயே சொன்னவர் சி.டி.ஆர். வில்சன். தொண்ணூறு ஆண்டு கழித்து அது ஊட்டியில் சரிபார்க்கப்பட்டது. இடிமேகங்களிலிருந்து காமா கதிர்கள் வெடித்துக் கிளம்புவதை 1994இல் ஒரு விண்கலத்தின் பதிவுகளிலிருந்து அறிவித்திருந்தார்கள். அவ்வளவு ஆற்றல் மேகத்துக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் இந்த 130 கோடியில் பதில் இருக்கக்கூடும்.

காணாததைக் கண்டதிலிருந்து அறிவதற்கு நம் தத்துவ மரபில் அனுமானம் என்று பெயர். மலையில் புகை தெரிகிறது. எனவே அங்கே நெருப்பு இருக்கிறது. இது எப்போது செல்லும்? புகை இருக்கும் இடத்திலெல்லாம் நெருப்பு இருக்கிறது என்பதை அடுப்படியிலும் வயலிலும் பலமுறை பார்த்திருக்க வேண்டும். இந்த விட்டு நீங்காத சேர்க்கையை வியாப்தி என்பார்கள். வியாப்தி இல்லாவிட்டால் அனுமானம் ஊகமாகிவிடும். ஊட்டியில் நடந்தது உத்தமமான அனுமானம். மின்னேற்றம் கொண்ட துகள் மின்புலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஆய்வுக்கூடங்களில் எண்ணற்ற முறை பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயம். அந்த வியாப்தியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இரண்டு சதவீதக் குறைவிலிருந்து மேகத்தின் வயிற்றுக்குள் போனார்கள். புகையிலிருந்து நெருப்புக்குப் போன அதே பாதைதான்.

இனி, மேகத்திலிருந்து கடவுளுக்குப் போக முடியுமா?

முடியும் என்று வாதிட்டவர்கள் நம் நாட்டில் சாமானியர்கள் இல்லை. நியாய மரபினர் இதில் வல்லவர்கள். பத்தாம் நூற்றாண்டின் உதயணர் 'நியாயகுசுமாஞ்சலி' என்று ஒரு நூலையே இதற்காக எழுதினார். அவர்கள் வாதத்தின் சாரம் இது. பானை ஒரு செய்பொருள். அதற்குக் குயவன் உண்டு. உலகமும் செய்பொருள், ஆகவே அதைச் செய்த எல்லாம் அறிந்த ஒருவன் உண்டு. இன்றைக்கும் நம் பிரசங்க மேடைகளில் முக்கால்வாசிப் பேர் கையில் எடுப்பது இந்தப் பானையைத்தான்.

இதை மறுத்தவர் ராமானுஜர். 1017இல் எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தார் என்பது மரபு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 'தான் உகந்த திருமேனி'யாக அவர் எழுந்தருளியிருக்கிறார்; சித்திரைத் திருவாதிரைக்கு ஊரே கூடும். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரை ஸ்ரீபாஷ்யம். அதில் மூன்றாவது சூத்திரத்துக்கு உரை சொல்லும் இடத்தில், கடவுளை அனுமானத்தால் நிறுவ முடியாது, சாஸ்திரம் ஒன்றே வழி என்று நிலைநாட்டுகிறார். நாத்திகர் சொல்லியிருந்தால் ஆச்சரியமில்லை. கடவுளுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர் சொல்கிறார்.

அவருடைய காரணங்கள் துல்லியமானவை. குயவனைப் பார்த்திருக்கிறோம், அவன் பானை வனைவதைப் பார்த்திருக்கிறோம். ஆகவே பானையைக் கண்டால் குயவன் என்கிறோம். உலகங்கள் செய்யப்படுவதை யார் பார்த்தது? எந்த வியாப்தியை வைத்துக்கொண்டு பேசுவது? சரி, பானையையே பிடித்துக்கொண்டு போனாலும் எங்கே போய்ச் சேருவோம்? குயவனுக்கு உடம்பு உண்டு, அறியாமை உண்டு, கருவிகள் வேண்டும். அந்த வழியில் கிடைக்கும் கடவுளுக்கும் இதெல்லாம் இருந்தாக வேண்டும். பூமி, கடல் எல்லாம் செய்யப்பட்டவைதான் என்று வைத்துக்கொண்டாலும், அவை ஒரே காலத்தில் ஒரே ஆளால் செய்யப்பட்டவை என்பதற்குச் சான்று என்ன? வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்வதைத்தானே உலகில் பார்க்கிறோம்?

இந்தக் கடைசி வாதத்தை ஒரகடத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டும். வல்லம் வடகால் பக்கமிருந்து சிப்காட் சாலையில் வரும் ஒரு புது வண்டியைக் காட்டி 'இதைச் செய்தது யார்?' என்று கேளுங்கள். மூக்கில் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று. கண்ணாடி ஸ்ரீபெரும்புதூரில் வார்த்ததாக இருக்கலாம், டயர் ஒரகடத்தில் செய்ததாக இருக்கலாம். வார்ப்பு ஓர் ஊர், வயரிங் ஓர் ஊர், சிப் ஒரு நாடு. அசெம்ப்ளி லைனில் நட்டு முறுக்கியது ஒடிசாவிலிருந்து வந்த பையன். இன்ஸ்பெக்‌ஷனில் டிக் போட்டது திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண். அவர்களில் யாருக்கும் முழு வண்டியும் தெரியாது. வண்டியைப் பார்த்து அனுமானம் செய்தால் எல்லாம் அறிந்த ஒருவன் கிடைக்க மாட்டான். வெண்டார் லிஸ்ட்தான் கிடைக்கும். உலகத்தைப் பார்த்துச் செய்தாலும் அப்படித்தான். ராமானுஜர் இதைச் சொன்னபோது இந்த ஊரைச் சுற்றி ஏரியும் வயலும்தான் இருந்திருக்கும். வாதம் மட்டும் இன்றைய சிப்காட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

இப்போது வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். 130 கோடி வோல்ட் என்பது மேகத்தைப் பற்றிய அறிவு. பனித்துகளில் தொடங்கிக் கான்கிரீட்டில் முடியும் அந்தச் சங்கிலியில் இந்திரன் எந்தக் கண்ணியிலும் இல்லை. அந்தக் கணக்குக்கு அவன் தேவைப்படவும் இல்லை. ஆகவே 'நிரூபணமாகிவிட்டது' என்று கோஷ்டிக்காரர் சொல்வது செல்லாது. அதே காரணத்தால் 'வி.ஆர்.எஸ்.' என்று நண்பர் சொல்வதும் செல்லாது. வோல்ட் தெரியாததால் வைத்திருந்த கடவுள் என்றால் வோல்ட் தெரிந்ததும் போகட்டும். ராமானுஜர் அப்படி ஒருவரை ஒருபோதும் வைத்துக்கொள்ளவில்லையே.

அளவு எங்கே நிற்க வேண்டும் என்பதை எனக்குப் பழக்கிக் கொடுத்தது எர்த் பிட். மழைக்காலம் தொடங்கும் முன் ஆலையின் இடிதாங்கி பிட் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். மூடியைத் தூக்கினால் கரியும் உப்பும் ஊறிய ஈர மண்ணின் வாடை. சில பிட்டில் தேள் இருக்கும், கையை விடும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் செம்புப் பட்டையின் டெஸ்ட் லிங்க்கைக் கழற்றி, உப்புப் பூத்திருந்தால் எமரித் தாளால் தேய்த்து, எர்த் டெஸ்டரின் ஒரு வயரை அதில் மாட்டுவோம். மற்ற இரண்டு வயரையும் தள்ளித் தள்ளி மண்ணில் அடித்த கூர்முளைகளில் மாட்டுவோம். இடிதாங்கிக்கு 10 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். போன முறை ஒரு பிட்டில் 14 காட்டியது. குடம் குடமாகத் தண்ணீர் விட்டு, துருப்பிடித்த கிளாம்ப்பை மாற்றி, மறுபடி பார்த்ததும் 6க்கு இறங்கியது. கூட இருந்த ட்ரெய்னி தம்பி சந்தோஷமாகக் கேட்டான்: "அப்போ இனிமே இங்க இடி விழாதுங்களா சார்?" விழும் தம்பி, விழுந்தால் மண்ணுக்குள் போக வழி இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். அந்த 6 அந்தப் பிட்டைப் பற்றியது. வானத்தைப் பற்றி அது பேசாது.

இது வெறும் தர்க்க விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்காக, அளவை மீறி அனுமானிப்பதால் வரும் கேட்டைச் சொல்கிறேன். எங்கள் பூர்வீகம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமம். நான் சிறுவனாக இருந்தபோது நடவுக்குப் போன ஒரு பெண், மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கி, இடி விழுந்து இறந்துபோனாள். மூன்றாம் நாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "சும்மாவா விழும்? என்ன பாவம் பண்ணாளோ." அப்புறம் ஆளாளுக்கு அவள் வாழ்க்கையைத் தோண்டி ஒரு பாவத்தைக் கண்டெடுத்தார்கள். அவள் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் காதுக்கும் அது போனது.

அந்தப் பேச்சும் ஓர் அனுமானம்தான். வஜ்ராயுதம் நிரூபணமானது என்று சொல்லும் அதே வாய்தான் அவளைப் பாவி என்றும் சொல்லும். இடியைக் கடவுளின் கையெழுத்தாகப் படிக்கத் தொடங்கினால் யார்மேல் எழுதினார் என்றும் படித்தே தீர வேண்டிவரும். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இடி விழுந்து இறக்கிறார்கள். பெரும்பாலும் வயலில் வேலை செய்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், திறந்த வெளியில் கூலிக்கு நிற்கிறவர்கள். ஏசி அறையில் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் அபூர்வம். பாவம் அப்படிப் பார்த்துப் பார்த்து ஏழைகளிடம் மட்டுமா சேர்ந்திருக்கிறது? ராமானுஜரும் வினைப்பயனை ஏற்றவர்தானே என்று கோஷ்டியில் ஒருவர் மடக்கினார். ஏற்றவர்தான். வினை உண்டு என்று சாஸ்திரம் சொல்கிறது. இன்னாருக்கு இன்ன வினை என்று படித்துச் சொல்லும் மீட்டரை அது எங்கள் ஊர்த் திண்ணைக்குக் கொடுக்கவில்லை.

அப்படியானால் பக்தனுக்கு இடியில் என்னதான் இருக்கிறது? ராமானுஜருக்குத் திருப்பாவை ஜீயர் என்று ஒரு பெயர் உண்டு, அவ்வளவு ஈடுபாடு. திருப்பாவையின் நான்காம் பாசுரம் முழுக்க மழை. கடலில் புகுந்து நீர் மொண்டு ஏறும் மேகம் திருமாலின் மேனிபோல் கறுக்கிறது. மின்னல் அவன் கைச் சக்கரம்போல், இடி அவன் சங்கொலிபோல், மழை அவன் வில்லிலிருந்து பொழியும் அம்புபோல் என்று ஆண்டாள் வரிசையாக உவமை சொல்லிக்கொண்டு போகிறாள். மார்கழி விடியலில் கோஷ்டியில் நின்று சேவிக்கும்போது இது எனக்கு உறைத்தது. அவள் மேகத்தைக் கண்டு அவன் இருக்கிறான் என்று முடிவுக்கு வரவில்லை. அவனை முன்பே அறிந்தவள். அந்தக் கண்ணோடு மேகத்தைப் பார்க்கிறாள். அனுமானம் மேகத்தில் கிளம்பிக் கடவுளிடம் போக முயல்கிறது. அவள் கடவுளிடம் கிளம்பி மேகத்துக்கு வருகிறாள். மேகத்தில் எத்தனை கோடி வோல்ட் என்று பிற்பாடு தெரியவந்தாலும் அவள் உவமை ஒன்றுகூடக் கெடாது.

இதையெல்லாம் நண்பரிடம் கேன்டீனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் தப்பிக்க வச்சுட்ட உங்க ஆளை. எதை அளந்தாலும் அது அவருக்குப் பொருந்தாதுன்னுட்ட. டெஸ்ட்டே பண்ண முடியாத மெஷினை நீ கையெழுத்துப் போட்டு வாங்குவியா?"

நியாயமான கேள்வி. அதற்கு ராமானுஜர் கொடுத்த விலையை நானும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாஸ்திரம் ஒன்றே வழி என்றால், சாஸ்திரத்தை ஏற்காதவரிடம் பேச எனக்கு வாதமே இல்லை. நண்பரை அழைத்துவர என் கையில் ஒரு பானைகூட மிச்சமில்லை. என் நம்பிக்கையை அவர்மேல் திணிக்க எனக்கு உரிமையும் இல்லை. மேடைப் பிரசங்கிகள் இதை நஷ்டம் என்பார்கள். நானும் அவரும் இன்னும் ஒரே மேசையில் உட்கார முடிவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

டெஸ்ட் பற்றி அவருக்குச் சொன்ன பதில் இது. இடி இடித்தால் எங்கள் அம்மா காதைப் பொத்திக்கொண்டு "அர்ஜுனா, அர்ஜுனா" என்பாள். அர்ஜுனன் வந்து இடியைத் தடுப்பான் என்பதற்கு அவளிடம் சான்று கேட்டால் விழிப்பாள். அவள் எதையும் நிறுவவில்லை. பயத்தில் ஒருவரைக் கூப்பிட்டாள். ராமானுஜர் வழியில் சரணாகதி என்பதும் கூப்பிடுவதுதான். நிரூபித்து முடித்தபின் அடைக்கலம் புகுகிறவர் யாருமில்லை. கூப்பிட்டதற்குச் சோதனை உண்டா என்றால், உண்டு. கூப்பிட்டவன் அதற்கப்புறம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்க்கலாம். திருக்கோஷ்டியூரில் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தை ராமானுஜர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னதாக மரபு சொல்கிறது. தனக்கு நரகம் வந்தாலும் பரவாயில்லை என்று சொன்னாராம். அவர் நம்பிக்கை அவரை அப்படி நடக்க வைத்தது. என்னுடையது என்னை எங்கே நடக்க வைக்கிறது?

எங்கள் ஆலையில் எனக்கு அதற்கு நேரான பதில் உண்டு. மெயின் ஷெட்டின் இடிதாங்கி எப்போதும் சரியாக இருக்கும், ஆடிட்டர் பார்ப்பார். வெளி யார்டில் தகரக் கொட்டகையில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஓய்விடத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கேயும் பட்டை இறக்கிப் பிட் போட வேண்டும், இடிச்சத்தம் கேட்டதும் யார்டு வேலையை நிறுத்தி ஆட்களை உள்ளே கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான். பட்ஜெட் இல்லை என்று திரும்பி வந்தபோது இரண்டாவது கையெழுத்தாக நண்பர் போட்டார். 'எல்லாம் அவன் செயல்' என்று நான் சும்மா இருந்திருந்தால் என் நாமம் அந்தச் சோதனையில் தோற்றிருக்கும். நாமமே போடாத அவர் தேறியிருப்பார்.

இடிமேகத்தில் எத்தனை வோல்ட் என்று ஊட்டிக்காரர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பட்டை எத்தனை கனம், பிட் எத்தனை ஆழம் என்று விதிப்புத்தகம் சொல்லட்டும், செய்து முடிக்கிறேன். இரண்டும் முடிந்த பிறகும் எனக்குப் பெருமாள் வேண்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டால் நிரூபித்துக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. நிரூபிக்கக் கிளம்பாதே என்றுதான் எங்கள் ஊர்க்காரர் சொல்லி வைத்திருக்கிறார். அடுத்த ஐப்பசியில் அந்த வாட்ஸ்அப் செய்தி மறுபடி வரும்போது பத்துப் பேருக்கு அனுப்ப மாட்டேன். கொட்டகைக்குப் பிட் போட்டாகிவிட்டதா என்று கேட்டுக் குழுவில் இருக்கும் கான்ட்ராக்டருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்புவேன்.